ஜெயந்திக்கு முதலில் கிடைத்தது

1

போன வியாழக்கிழமை என் சிநேகிதி ஜெயந்தி பிரித்தானியப் பிரஜை ஆனாள். கவுன்சில் மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் எழுந்து நின்று, ஒரு அம்மையார் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னார்கள். ஜெயந்தி கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்தாள். "வாய் தவறிப் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டா திருப்பி அனுப்பிப் போடுவினமோ?" என்று காலையிலிருந்து பத்துத் தரம் கேட்டிருப்பாள். ஒன்றும் தவறவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு படத்துக்கு நின்றபோது கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கையசைத்தாள்.

நானும் கை தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே வயிறு எரிந்தது.

நாங்கள் இருவரும் ஒரே வருடம் இந்த நாட்டுக்கு வந்தவர்கள். என்னிடம் இருப்பது அகதிக்குக் கொடுக்கும் அனுமதி மட்டும். அந்த மண்டபத்தில் நிற்க இன்னும் சில வருடங்கள் போகவேண்டும். ஊருக்கு எழுதுகிறவர்கள் இந்த ஊர்க் குளிரைப் பற்றி எழுதுவார்கள்; தனிமையைப் பற்றி, பிள்ளைகள் தமிழ் பேசாததைப் பற்றி எழுதுவார்கள். பக்கத்தில் இருப்பவளுக்கு விசா கிடைத்தபோது தனக்குள் என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதி நான் படித்ததில்லை. இந்த எட்டு வருடங்களில் என்னை விட்டுப் போகாமல் கூடவே இருந்தது அதுதான். ஆகவே அதை எழுதுகிறேன்.

2

வன்னியில் ஜெயந்தியும் நானும் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு கிடுகு வேலி. என் கணவர் போரின் கடைசி மாதத்தில் ஷெல் விழுந்து இறந்தார். அவளுடைய கணவர் சரணடையப் போனவர். பிறகு தகவல் இல்லை. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பெண் பிள்ளை. என் மகள் சிந்து, அவள் மகள் துஷா. நான்கு மாத வித்தியாசம்.

போர் முடிந்து சில வருடங்களின் பின், ஒரு மழைக்காலத்தில், புலிகள் இயக்கத்தில் இருந்த அண்ணை ஒருவர் என் வீட்டில் ஒன்பது நாள் ஒளித்திருந்தார். அவர் என் பெரியப்பாவின் மகன். பிறகு எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒரு காலையில் இராணுவப் புலனாய்வுக்காரர் என்னையும் ஜெயந்தியையும் விசாரணை என்று ஒரே வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தனித்தனியாக வைத்தார்கள். என்னைப் பதினோராம் நாள் விட்டார்கள். ஜெயந்தி ஐந்து வாரம் கழித்து வந்தாள். அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்கு நடந்ததையும் அவள் கேட்கவில்லை.

அதோடு முடியவில்லை. ஆட்கள் வருவதும், கையெழுத்து வைக்கக் கூப்பிடுவதும், நேரம் கெட்ட நேரத்தில் படலையைத் தட்டுவதுமாக வருடங்கள் போயின. கடைசியில் பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் புறப்பட்டோம். பத்து வயதுச் சிந்துவை என் தங்கச்சி வதனியிடம் கொடுத்தேன். ஜெயந்தி துஷாவைத் தன் தமையனிடம் கொடுத்தாள். மூன்று மாத இடைவெளியில் இருவரும் லண்டன் வந்து சேர்ந்தோம். மனோர் பார்க்கில் ஒரு வீட்டு மாடி அறையில் இரண்டு கட்டில்கள். எனக்கு ஜன்னல் பக்கம்.

அகதி விண்ணப்பத்துக்கான நேர்முகம் எங்களுக்கு ஒரு மாத வித்தியாசத்தில் நடந்தது. அவளுக்கு முதலில் கடிதம் வந்தது. அனுமதி. வைத்தியர் எழுதிய அறிக்கை அவளிடம் இருந்தது. முதுகிலும் உள்ளங்காலிலும் இருந்த ஒவ்வொரு தழும்புக்கும் இலக்கம் போட்டு, இது இன்னதால் வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கடிதம் வர மேலும் பல மாதம் எடுத்தது. மறுப்பு.

காரணம் ஒரு சொல். முதல் நாள் பதிவில், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். ஒரேயொரு தங்கச்சி என்றேன். நேர்முகத்தில், "அண்ணையைத் தேடித்தான் என்னைப் பிடிச்சவை" என்றேன். மொழிபெயர்த்தவர் அதை 'மூத்த சகோதரர்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறெப்படிச் சொல்வது? ஆனால் உள்துறை அமைச்சின் கடிதத்தில் அது இப்படி வந்தது: விண்ணப்பதாரிக்குச் சகோதரரே இல்லை, இல்லாத சகோதரருக்காகப் பிடிக்கப்பட்டதாகச் சொல்கிறார், ஆகவே அவர் சொல்லும் எதையும் நம்புவதற்கில்லை.

கடிதம் வந்த அன்று ஜெயந்தி வெளியே போயிருந்தாள். நான் அறைக் கதவைப் பூட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு நடந்தவை தோலில் அடையாளம் விடாதவை. முதுகு சுத்தமாக இருந்தது. அவளுடைய தழும்புகளில் ஒன்றிரண்டாவது எனக்கு இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, அதற்காக அழுதேன்.

3

ஜெயந்திக்கு அனுமதி கிடைத்ததும் துஷாவைக் கூப்பிட்டுக்கொண்டாள். பதினொரு வயதில் வந்து இறங்கினாள் துஷா. பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஜெயந்திக்கு வேலை கிடைத்தது. குட்மேய்ஸில் சின்ன வீடொன்றை வாடகைக்கு எடுத்து, "நீ எங்க தனியக் கிடக்கப் போறாய்? வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வேலை செய்ய அனுமதியில்லை. இரண்டு கிழமைக்கொரு தடவை குடிவரவு அலுவலகத்துக்குக் கையெழுத்து வைக்கப் போவேன். மற்ற நாட்களில் அவள் வீட்டில் சமைத்தேன். அவள் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஷிப்டில் நின்றபோது பெற்றோர் கூட்டத்துக்கும் நானே போனேன். துஷாவின் காலணி அளவு எனக்குத் தெரியும். சிந்துவின் அளவு தெரியாது.

சிந்து தொலைபேசித் திரைக்குள் இருந்தாள். முதல் வருடம் விழுந்த பல்லைக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் யாரோடு கோபம் என்று சொன்னாள். பிறகு பதில்கள் சுருங்கின. "ஓம்." "இல்லை." "படிக்கிறன்." ஒரு நாள் எனக்குப் பின்னால் துஷா சீருடையோடு நடந்துபோனதைத் திரையில் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"துஷாவுக்கு மட்டும் எப்பிடி அவ்வளவு கெதியாக் கிடைச்சது? நீங்கள் அவையளுக்கு ஒழுங்காச் சொல்லேல்லையோ அம்மா?"

"சொன்னனான் பிள்ளை."

"அப்ப ஏன் நம்பேல்லை?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

துஷா பெரிய பிள்ளை ஆனபோது வெம்பிளியில் ஒரு மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்தார்கள். தாய்மாமன் ஊரில், தகப்பன் இல்லை. "கைம்பெண் எண்டு பின்னுக்கு நிக்காதை, நீதான் முன்னுக்கு நிக்கவேணும்" என்று ஜெயந்தி என்னைப் பிடித்து நிறுத்தினாள். நான் தலையில் பால் வைத்துத் தண்ணீர் வார்த்தேன், ஆலாத்தி எடுத்தேன். அதற்கு ஏழு கிழமைக்கு முன்புதான் ஊரில் சிந்து பெரிய பிள்ளை ஆகியிருந்தாள். வதனி தொலைபேசியில் சொன்னாள். நான் அப்போது துஷாவின் மதியச் சாப்பாட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். வீடியோவில் காட்டு என்றேன். சிந்து வெட்கப்பட்டு முகத்தை வதனியின் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள். அதுதான் நான் கண்டது, ஒரு தலைமயிர்ப் பின்னலும் என் தங்கச்சியின் தோளும்.

வெம்பிளி மண்டபத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "சொந்தப் பெரியம்மா மாதிரிச் செய்யிறா" என்றார்கள். ஆலாத்தித் தட்டைக் குளியலறையில் கொட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

4

மறுப்புக்கு எதிராக முதலாவது அப்பீல் போட்டோம். என் வழக்கறிஞர் மீனா, மதுரைக்காரி, என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். "பெரியப்பா பையனை எங்க ஊர்லயும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம்" என்று சிரித்தாள். "இதை நிரூபிச்சுடலாம் பவானிக்கா." வதனி அண்ணையின் பிறப்புச் சான்றிதழை எடுத்து அனுப்பினாள். தகப்பன் பெயர் என் பெரியப்பாவின் பெயர். மொழிபெயர்த்து ஆவணக் கட்டில் அறுபத்து நாலாம் பக்கமாக வைத்தார்கள்.

பிறகு மீனா கேட்டாள்: "உங்க ஊர்க்காரங்க, இதெல்லாம் தெரிஞ்சவங்க, இங்க யாராவது இருக்காங்களா? வந்து சாட்சி சொல்ற மாதிரி?"

ஜெயந்தி அதற்கு முந்திய வாரமே சொல்லியிருந்தாள். தேங்காய் திருவிக்கொண்டே, "வழக்குக்கு நான் வாறன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்" என்றாள்.

நான் மீனாவிடம், "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது என்னையே நான் கேட்கவில்லை. ஜெயந்தியுடைய வீட்டில் இருக்கிறேன், அவள் வாங்கிய அரிசியில் சோறு தின்கிறேன், அவள் மகளை வளர்க்கிறேன். என் வழக்கையாவது நான் தனியாக வெல்லவேண்டும். அவள் கையெழுத்துப் போட்டுக் கிடைத்ததாக அது இருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்து ஜெயந்தியிடம், "லோயர் சாட்சி தேவையில்லையாம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

மூன்று மணித்தியாலம் நீதிபதி முன்னால் பேசினேன். அழுதேன். தண்ணீர் கொடுத்தார்கள். சில வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மீனா வேறொரு வழக்கில் இருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. சமையலறை மேசையடியில் துஷாவை இருத்தி வாசிக்கச் சொன்னேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அவள்தான் தமிழாக்குவாள்.

"ஆன்ட்டி, சொறி. டிஸ்மிஸ்ட் எண்டு இருக்கு" என்றாள் முதலில். பிறகு விரலை வைத்து வாசித்துக்கொண்டு போனாள். அண்ணை பற்றிய விளக்கம் பிற்பாடு யோசித்துச் சொன்னதாம். நம்பமுடியாதாம். பிறப்புச் சான்றிதழைப் பற்றி எங்குமே ஒரு சொல் இல்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றாள்.

"இதில... 'அவர் தன் கிராமத்தைச் சேர்ந்த, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு தோழியோடு வசிக்கிறார். அந்தத் தோழி ஏன் சாட்சியாக வரவில்லை என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை.' ஆன்ட்டி, அது அம்மாதானே? அம்மா ஏன் போகேல்லை?"

ஜெயந்தி பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கடிதத்தைத் துஷாவின் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

என் பொறாமைதான் தீர்ப்பில் ஒரு பந்தியாக அச்சடிக்கப்பட்டு வந்திருந்தது.

5

அதற்கு மேல் இருப்பது உயர் தீர்ப்பாயம். அங்கே நேரே போய் நிற்க முடியாது. முதலில் அனுமதி கேட்கவேண்டும். பதினான்கு நாள் தவணை. கீழ்த் தீர்ப்பாயத்திடமே கேட்டோம், மறுத்தார்கள். பிறகு மேலிடத்திடம் கேட்டோம். மாதக் கணக்கில் காத்திருந்தபின் அனுமதி வந்தது. சிந்துவுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. பதினெட்டைத் தாண்டினால் பிள்ளை என்ற கணக்கில் அவளைக் கூப்பிட முடியாது. துஷாவின் ஒவ்வொரு பிறந்தநாள் கேக்கிலும் நான் எண்ணியது என் பிள்ளையின் வயதைத்தான்.

அந்தக் காலை மீனாவை சான்சரி லேன் ஸ்டேஷன் வாசலில் சந்தித்தேன். நடந்துகொண்டே சொன்னாள்: "இன்னிக்கு நீங்க எதுவும் பேச வேண்டியதில்லைக்கா. உங்களை யாரும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டாங்க."

"அப்ப எனக்கு நடந்ததைப் பற்றி?"

"அது இன்னிக்கு விஷயமே இல்ல. கீழ இருந்த நீதிபதி சட்டப்படி தப்பு பண்ணாரா, இல்லையா. அவ்வளவுதான்."

எனக்கு விளங்க நேரமெடுத்தது. நான் பின்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். நீதிபதி வயதான பெண், கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். மீனா எழுந்து அறுபத்து நாலாம் பக்கத்தைச் சொன்னாள். எல்லோரும் பக்கம் புரட்டினார்கள். நீதிபதி அமைச்சின் பிரதிநிதியைப் பார்த்து, "இந்தச் சான்றிதழைப் பற்றித் தீர்ப்பில் எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?" என்று கேட்டார். அவர் தேடினார். முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். எனக்கு அந்தத் தேடல் முடியவேகூடாது போல இருந்தது.

எங்கேயும் இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்று மணித்தியாலம் அழுத என்னைப் பார்த்தும் நம்பாமல் விட்டது பிழை இல்லை. ஒரு காகிதத்தைப் பார்க்காமல் விட்டது பிழை. எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

தீர்ப்பு எழுத்தில் வந்தபோது இந்தத் தடவை மீனாவின் அலுவலகத்துக்கே போய் இருந்தேன். பழைய தீர்ப்பு ரத்து. வழக்கை வேறொரு நீதிபதி புதிதாகக் கேட்கவேண்டும். மீனா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு ஒரு பந்தியில் பேனையை வைத்தாள்.

"ஒண்ணு இருக்குக்கா. சாட்சி வரலைன்னு கீழ எழுதினதுல தப்பில்லைன்னு இவங்களும் சொல்லியிருக்காங்க. புது நீதிபதியும் அதைத்தான் முதல்ல கேப்பாரு. அன்னிக்கே நான் கேட்டிருக்கணும், அந்தத் தோழி யாரு?"

"ஜெயந்தி" என்றேன்.

"அவங்க வர மாட்டேன்னாங்களா?"

"இல்லை. வாறன் எண்டவள்."

மீனா பந்தியின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயந்தி வேலைச் சீருடையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். துஷா நூலகம் போயிருந்தாள். நான் கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"புது வழக்குக்கு நீ வரவேணுமாம்."

"போனமுறை லோயர் வேண்டாம் எண்டவ?"

"அவ சொல்லேல்லை. ஒருத்தரும் இல்லையெண்டு நான்தான் சொன்னனான்."

அயர்ன் பெட்டி நின்றது. "ஏன்?"

"உன்னட்டை எல்லாம் இருக்கு. இதையும் உன்னட்டை வாங்கவேணுமோ எண்டு இருந்தது. பொறாமை, ஜெயந்தி. வேற ஒண்டும் இல்லை."

அவள் சீருடையைப் புரட்டிப் போட்டு மறுகையை இழுத்து விரித்தாள். "துஷா வாசிச்ச அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது."

"பிறகேன் நீ கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா நீ வீட்டை விட்டுப் போயிருப்பாய்." சீருடையை மடித்துக்கொண்டே, "எண்டைக்கு வழக்கு? நான் ஷிப்ட் மாத்தவேணும்" என்றாள்.

அதற்கும் ஒரு வருடம் காத்திருந்தோம். வழக்கு நாளில் முதலில் நான் சாட்சி சொன்னேன். பிறகு ஜெயந்தியை உள்ளே கூப்பிட்டார்கள். அமைச்சின் சார்பில் வந்தவர் இளைஞர், மரியாதையான பேச்சு. அண்ணை யார் என்று கேட்டார்.

"அவவின்ர பெரியப்பாவின்ர மகன். ஊரில எல்லாரும் அவரை அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. நானும் அப்பிடித்தான்."

"அப்படியானால் உங்களுக்கும் அவர் உறவா?"

"இல்லை. எனக்கு ஒரு முறையும் இல்லை. ஆனாலும் அண்ணை."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். இளைஞர் அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு பேரும் ஒரே நாள், ஒரே காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டதாகச் சொல்கிறீர்கள். அவரைப் பதினோராம் நாள் விட்டார்கள். உங்களை ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

ஜெயந்தி மேசை விளிம்பைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளர், கேள்வி விளங்கவில்லையோ என்று நினைத்து மறுபடி சொன்னார்.

"விளங்குது" என்றாள். "அவவிட்டை ஒண்டும் எடுக்க ஏலாது எண்டு விட்டிட்டினம். என்னட்டை எடுக்கலாம் எண்டு நினைச்சவை. அண்ணை அவவின்ர வீட்டில நிண்டவர் எண்டு நான் சொல்லவேணும். சொன்னா அண்டைக்கே விடுறம் எண்டவை."

"சொன்னீர்களா?"

"இல்லை."

"அவரை அங்கே நீங்கள் கண்டிருந்தீர்களா?"

"ஓம். வேலிக்கு மேலால ரெண்டு தரம் கண்டனான்."

வேலிக்கு அப்பால் அவள் அண்ணையைக் கண்டதேயில்லை என்றுதான் அதுவரைக்கும் நம்பியிருந்தேன்.

இதை உங்கள் சொந்த வழக்கில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் இளைஞர். மீனா எழுந்தாள். ஜெயந்தியின் சம்மதத்தோடு அவளுடைய பழைய நேர்முகப் பதிவை எடுத்து வைத்திருந்தாள். அதில் ஒரு வரி: 'அயல்வீட்டுப் பெண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.' என் நேர்முகத்துக்கு ஒரு மாதத்துக்கு முன் பதிந்த வரி. மனோர் பார்க் அறையில், இரண்டு கட்டிலுக்கு நடுவில் இருந்த அலுமாரிக்குள், வைத்தியர் இலக்கம் போட்ட அறிக்கையோடு அந்தத் தாளும் இருந்திருக்கிறது. நான் பொறாமைப்பட்ட தழும்புகள் ஒவ்வொன்றும் என் பெயரைச் சொல்லாததற்காக விழுந்தவை.

வெளியே வந்ததும் நான் அவளுடைய கையைப் பிடித்தேன். வாய் திறக்க முன்னமே, "ஒண்டும் கதையாதை. எனக்குப் பசிக்குது" என்றாள். தெரு மூலையில் சான்ட்விச் வாங்கி நின்றபடி சாப்பிட்டோம். ரொட்டி ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து அவள் புறாக்களுக்குப் போட்டாள்.

அன்று எனக்குள் நன்றி பொங்கியது என்று எழுதினால் இந்தக் கதை அழகாக இருக்கும். நன்றியும் இருந்ததுதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது மற்றது. இவ்வளவு நாளும் அவளுக்கு விசா இருந்தது, பிள்ளை இருந்தது, வேலை இருந்தது. இப்போது அவள் என்னைவிட நல்லவளாகவும் இருந்தாள். இடம் மாறியிருந்தால் நான் ஐந்து வாரம் வாய் திறக்காமல் இருந்திருப்பேனா? தெரியாது. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி எனக்கு ஒருபோதும் தெரியவராது. அதுதான் என்னால் தாங்கமுடியாததாக இருந்தது.

ஆறு கிழமையில் தீர்ப்பு வந்தது. அப்பீல் ஏற்கப்பட்டது. நீதிபதி ஜெயந்தியின் சாட்சியத்துக்கு மட்டும் மூன்று பந்தி எழுதியிருந்தார். எனக்கு இரண்டு.

7

சிந்து பதினேழு வயதில் வந்தாள். காலை விமானம். நான், ஜெயந்தி, துஷா மூவரும் ஹீத்ரோவில் நின்றோம். தள்ளுவண்டியோடு வந்தவளை முதலில் கண்டது துஷா. நான் உயரம் குறைந்த ஒரு பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடித்தபோது அவளுடைய தாடை என் நெற்றியில் முட்டியது. "மெலிஞ்சு போனியள்" என்றாள். அழவில்லை. நான் அழுதேன். காரில் பின்னால் இருந்து துஷா ஆங்கிலமும் தமிழுமாக ஏதோ சொல்ல, சிந்து சிரித்தாள். முன்னால் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். என்னோடு பேசி அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று யோசித்தேன்.

வீட்டில் புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தேன். சிந்து கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"ஏன் பிள்ளை, உனக்கு விருப்பமெல்லே?"

"நான் கத்தரிக்காய் சாப்பிடுறேல்லை அம்மா."

"எப்பயிருந்து?"

யோசித்துப் பார்த்தாள். "எப்பவுமே சாப்பிடுறேல்லை."

ஜெயந்தி எழுந்து முட்டை பொரித்துக் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்துச் சிந்து முன் அறைக்குப் போனாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று அவள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"என்ன பிள்ளை?" என்று கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன்.

அவள் ஜன்னலடியில் தொலைபேசியோடு நின்றாள். "அம்மா, வந்து சேர்ந்திட்டன். ஓம். சாப்பிட்டிட்டன். இல்லையம்மா, குளிரேல்லை." மறுமுனையில் வதனி. என்னோடு பேசும்போது இத்தனை வருடமும் அவளைச் சின்னம்மா என்றே சொல்லிவந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் சிந்துவின் முகம் மாறியது. என்ன சொல்வதென்று தெரியாமல் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"சின்னம்மா உங்களோட கதைக்கவேணுமாம்."

வாங்கினேன். வதனிக்குப் பிள்ளை இல்லை.

"அக்கா, பிள்ளை என்ன சாப்பிட்டது?"

"புட்டு."

"கத்தரிக்காய் வைச்சனீங்களோ? அதுக்கு வாய் கடிக்கும் அக்கா. சொல்லாது. பேசாமல் ஒதுக்கி வைக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "காலைமையில கூப்பிட்டு எழுப்பாதேங்கோ. திடுக்கிட்டுப் போகும். கையில தொட்டால் எழும்பும். காய்ச்சல் வருத்தம் வந்தாலும் வாய் திறக்காது, கண் சிவக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கோ. இடி முழக்கம் எண்டால் பயம், ஆனா கேட்டால் இல்லையெண்டு சொல்லும். பிறகு..."

என் மகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்துகொண்டிருந்தாள். ஒன்றும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. போதும், வை என்று சொல்ல வாய் வந்தது. மேசையில் துஷாவின் பேனை கிடந்தது. ஏதோ கடித உறை ஒன்றும் கிடந்தது. இழுத்து வைத்து எழுதத் தொடங்கினேன். அழுத்திய அழுத்தில் பேனை உறையைக் கிழித்தது. நன்றியில் இல்லை.

"கொஞ்சம் ஆறுதலா, ஒவ்வொண்டாச் சொல்லு வதனி" என்றேன். "எழுதிறன்."